ஜெனரலோடு குடித்தனம் பண்ணியவன்

நாமகிரிப்பேட்டைக் கந்தனுக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஒருநாள் இருநாள் அல்ல, இருபது வருசத்துக்கு மேல் அதைச் சுமந்துகொண்டு மாட்டுவண்டி ஓட்டினான். அவன் தங்கை அத்தாயியைக் கட்டிக்கொண்ட குழந்தைவேல், அவளோடு குடித்தனம் பண்ணாமல் ஒரு வெள்ளைக்கார ஜெனரலோடு குடித்தனம் பண்ணுகிறான் என்பதுதான் அது. காபிக் கடையில் சொல்வான், சந்தையில் சொல்வான், ஆள் கிடைக்காவிட்டால் மாட்டிடம் சொல்வான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். கந்தன் சிரித்ததில்லை. ஏனென்றால் அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவனே அவன்தான்.

குழந்தைவேலும் அவனும் ஒரு வயசுக்காரர்கள். மூன்றாம் வகுப்பு வரைக்கும் ஒரே பெஞ்சு. மழை பொய்த்த ஒரு வருசம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில், சேலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் நடந்தே போனார்கள். குழந்தைவேலின் மார்பை அளந்து எடுத்துக்கொண்டார்கள். கந்தனின் பாதம் தட்டை என்று தள்ளிவிட்டார்கள். அதற்குக்கூட அவன் வருத்தப்பட்டதில்லை. இரண்டு வருசம் கழித்து காக்கிச் சட்டையும் பூட்ஸுமாகக் குழந்தைவேல் லீவில் வந்து நின்றபோது, இப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை எங்கே கிடைப்பான் என்று தங்கையைக் கொடுத்தான். கல்யாணம் முடிந்து இருபத்துநாலு நாள் மாப்பிள்ளை ஊரில் இருந்தார். இருபத்தைந்தாம் நாள் பெங்களூருக்கு ரயிலேறிவிட்டார்.

அங்கே அவருக்கு வேலை பென்போல்டு என்கிற துரைக்கு ஆர்டர்லி. துரை அப்போது வெறும் கேப்டன். விடிவதற்கு முன்னால் எழுந்து சவரத்துக்கு வெந்நீர் வைக்க வேண்டும். பூட்ஸில் முகம் தெரிகிற அளவுக்குப் பாலீஷ் போட வேண்டும். சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கத்தி மாதிரி மடிப்பு எடுக்க வேண்டும். துப்பாக்கி பிடிக்கப் போனவனைத் தேய்ப்புப் பெட்டி பிடிக்க வைத்துவிட்டார்களே என்று ஊரில் கேலி பேசினார்கள். குழந்தைவேலுக்கு அந்தக் கேலி உறைக்கவே இல்லை. துரையின் மேல் அவருக்கு அப்படி ஒரு ஒட்டுதல் விழுந்துவிட்டது.

மாதம் ஒரு கடுதாசி வரும். அத்தாயிக்குப் படிக்கத் தெரியாது. கந்தன்தான் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுவான். எல்லாக் கடுதாசியும் ஒரே தினுசு. 'இவ்விடம் நாங்கள் சுகம். அவ்விடம் சுகத்துக்கு எழுதவும்.' அந்த 'நாங்கள்' யார் என்று முதலில் அவனுக்குப் புரியவில்லை. நாலாவது வருசம் வந்த கடுதாசியில் புரிந்தது. 'நாம் இப்போது மேஜர் ஆகியிருக்கிறோம். தோளில் கிரீடம் வைத்திருக்கிறார்கள்.'

"மேஜர் ஆனது அந்தத் தொரையா, இவரா?" என்று கந்தன் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்கண்ணா," என்றாள் அத்தாயி. "அவரு தும்முனா இவரு மூக்கத் தொடைக்கறாரு."

அன்றிலிருந்து ஊரில் அவளுக்கு மேஜர் பொண்டாட்டி என்று பேர் விழுந்தது.

இருபத்தேழில் ஒருதரம் லீவில் வந்தார். அடுத்த வருசம் ஒரு ஆண் குழந்தை பிறந்து பத்து மாசத்தில் மாந்தம் கண்டு போயிற்று. கந்தன் தந்தி கொடுத்தான். பதில் தபாலில் வந்தது. 'பட்டாளம் காட்டுக்குள் பயிற்சியில் இருக்கிறது. நாங்கள் வருவதற்கில்லை. மனதைத் தேற்றிக்கொள்ளவும்.' கந்தன் அதைத் தங்கைக்குப் படித்துக் காட்டவில்லை. லீவு கிடைக்கவில்லையாம் என்று மட்டும் சொன்னான். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். இவளுக்கு ஒரு வீடு, வீட்டில் ஒரு ஆம்பளை, இதை எப்படியாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கந்தன் நெஞ்சில் முடிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

முப்பத்து மூன்றில் அதற்கு ஒரு வழி பிறந்தது. குழந்தைவேல் இருந்த பட்டாளத்தையே சர்க்கார் கலைத்துவிட்டது. ஆட்களெல்லாம் ஊருக்குத் திரும்பினார்கள். இந்தத் தேதியில் சூரமங்கலம் ஸ்டேஷன் வழியாகப் போகிறேன், வந்து பார்க்கவும் என்று அவரிடமிருந்து கடுதாசி வந்தது. கந்தன் அதை 'வருகிறேன்' என்றுதான் எடுத்துக்கொண்டான். அத்தாயி விடியுமுன் எழுந்து வெல்லமும் மாவும் பிசைந்து கச்சாயம் சுட்டாள். இரண்டு பேரும் பஸ் ஏறி ராசிபுரம் வழியாகச் சேலம் போய், அங்கிருந்து சூரமங்கலத்துக்கு நடந்தார்கள்.

ரயில் வந்தது. குழந்தைவேல் இறங்கினார். அவர் பின்னால் சாமான் எதுவும் இறங்கவில்லை.

"பெட்டி எங்கீங்க மாப்ள?" என்றான் கந்தன்.

"உள்ள இருக்குது மச்சான். நாங்க குன்னூருக்குப் போறோம். அங்கிருந்து வடக்கே, குவெட்டாவுக்கு மாத்தலு."

"நாங்கன்னா ஆரு? பட்டாளத்தத்தான் கலைச்சுப் போட்டாங்களே?"

"பட்டாளத்துல எம் பேரை வெட்டியாச்சு. இனித் தொரையோட சொந்த ஆளு நானு. கூட வாரயான்னு கேட்டாரு. எப்படி மச்சான் மாட்டேங்கறது? அவருக்குச் சட்டைப் பொத்தான் எங்க கெடக்குதுன்னே தெரியாது."

"தெரியலீன்னா கத்துக்கட்டும். ஆயிரம் பேரை நடத்தறவருக்குப் பொத்தான் போட முடியாதாக்கும்?"

"முடியாதுங்கறன். அவருக்கு ஆரு இருக்கறாங்க, சொல்லு. பொண்டாட்டி சீமையிலயே நின்னுட்டா."

"இவளுக்கு ஆரு இருக்கறா?"

குழந்தைவேல் துரை இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். கட்டின பொண்டாட்டி கண்ணெதிரே நிற்கும்போது பொத்தானைப் பற்றிப் பேசுகிற மனுசனைக் கந்தன் அதுவரைக்கும் கண்டதில்லை.

அத்தாயிதான் முன்னால் வந்தாள். தூக்குப்போசியைப் புருசன் கையில் கொடுத்தாள். "கச்சாயம். உங்களுக்கு நாலு, உங்க தொரைக்கு நாலு. சக்களத்தியாச்சே, உட்டுப்போட்டுத் திங்கக் கூடாது."

முதல் வகுப்பு ஜன்னலிலிருந்து ஒரு சிவந்த முகம் எட்டிப் பார்த்தது. குழந்தைவேல் விறைத்து நின்று ஏதோ இங்கிலீஷில் சொன்னார். துரை அத்தாயியைப் பார்த்துத் தொப்பியை லேசாகத் தூக்கினார். ரயில் ஊதியது. திரும்பி வருகிற வழி முழுக்கக் கந்தன் வைதுகொண்டே வந்தான். அத்தாயி பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. 'நாம் கர்னல் ஆகியிருக்கிறோம்.' குவெட்டாவில் பூமி ஆடிய வருசம், இடிந்த பங்களாவுக்குள்ளிருந்து துரையைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டது குழந்தைவேல்தான். அதைக்கூட அவர், 'கடவுள் கிருபையால் நாங்கள் பிழைத்தோம், ஆனால் நல்ல பூட்ஸ் மூன்று ஜோடி போயிற்று' என்றுதான் எழுதியிருந்தார். அதற்கடுத்த வருசம் வந்த லீவுதான் கடைசி லீவு. பதினெட்டு நாள். பிறகு பிரிகேடியர் ஆனார்கள். சண்டை வந்தது. பர்மாவிலிருந்து காடும் மலையுமாக நடந்தே திரும்பினார்கள். நாற்பத்து மூன்று ஆடியில் ஒரு கடுதாசி வந்தது. 'நாம் மேஜர் ஜெனரல் ஆகிவிட்டோம். இனி நான் துரையை விட்டு ஒரு அடி நகர முடியாது. அவர் இருக்கிற இடத்தில்தான் நான் இருப்பேன். இதை எல்லோருக்கும் சொல்லவும்.'

கந்தன் சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. குழந்தைவேலின் பங்காளி ராசு, ஐந்தாவது படித்தவன், ஊரில் பத்திரிகை படிக்கிறவன் அவன் ஒருத்தன்தான். 'எங்கண்ணன் ஜெனரல்' என்று மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தான். வாங்கித் தின்றவர்களில் பாதிப் பேர் அதை நெசம் என்றே நம்பினார்கள்.

ஐப்பசியில் அதே ராசு வேட்டி நுனி காலில் தடுக்கத் தடுக்க ஓடிவந்தான். கையில் பத்திரிகை. கந்தன் வண்டியில் மஞ்சள் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"கந்த மச்சான், ஏரோப்பிளேன் உழுந்து போச்சு."

"எந்த ஏரோப்பிளேனு?"

"ஜெனரலோடது."

ராசு படித்தான். அஸ்ஸாம் பக்கத்து மலையில் மேஜர் ஜெனரல் பென்போல்டு சென்ற விமானம் விழுந்து நொறுங்கியது. அவரும் உடன் சென்ற அனைவரும் மாண்டனர். அவ்வளவுதான் செய்தி. நாலு வரி. பக்கத்தில் எண்ணெய் வியாபாரியின் விளம்பரம் அதைவிடப் பெரிசாக இருந்தது. கந்தன் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். மனத்தாங்கலெல்லாம் நெஞ்சுக்குள் அப்படியே கல்லாக நின்றது. வையவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

சேலத்துக்குப் போய்ப் பட்டாள ஆபீசில் விசாரித்தான். அங்கிருந்த குமாஸ்தா நல்லவன். ஒரு முழு மத்தியானம் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். "இந்தப் பேர் பட்டாளத்துல இல்லீங்க. செத்தவங்க லிஸ்ட்லயும் இல்ல, இருக்கறவங்க லிஸ்ட்லயும் இல்ல," என்றான். சொந்த ஆள் என்றால் அப்படித்தான். துரை இருக்கிற வரைக்கும் ஆள். துரை போனால் கேட்பதற்கு நாதியில்லை.

ஐப்பசிக் கடுதாசி வரவில்லை. கார்த்திகையிலும் வரவில்லை. ஊர்ப் பெண்கள் அத்தாயியின் பொட்டைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசத் தொடங்கினார்கள். அவள் கிணற்றடிக்கு வந்தால் புதுப்பெண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கந்தனின் பெண்சாதி செல்லியம்மாள் வந்து சொன்னாள்: "செத்துப்போன ஆளுக்குப் பூ வெச்சுக்கிட்டுத் திரியறான்னு பேசறாங்க. நம்ம ஊட்டுக்கும் ஆகாதுங்கறாங்க."

அத்தாயி ஒரே பிடியாக நின்றாள். "அவரு சாகலீங்கண்ணா. ஒரு கடுதாசி வரட்டும்."

"ஜெனரலே செத்தாச்சு கண்ணு. அவரை உட்டு ஒரு அடி நகரமாட்டேன்னு இவருதானே எழுதுனாரு? சூரமங்கலத்துல நம்ம மூஞ்சிக்கு நேரா எறங்க மாட்டேன்னவரு, ஆகாசத்துலயா எறங்கியிருப்பாரு?"

ராசுகூட, "இன்னும் ஒரு மாசம் பொறுக்கலாம் மச்சான்," என்றான். கந்தன் கேட்கவில்லை. இருபது வருசம் பொறுத்தாயிற்று, இனி என்ன ஒரு மாசம்? ஒரு வழியாக இது முடிந்து தொலையட்டும். தங்கையைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து நிம்மதியாக ஒரு வாய் சோறு போட வேண்டும். அப்படித்தான் அவனுக்குத் தோன்றிற்று. அந்தச் சமயத்தில் அது சரியாகவும் தோன்றிற்று.

கார்த்திகை பத்தொன்பதாம் தேதி காரியம் நடந்தது. உடம்பு இல்லாததால் வைக்கோலில் ஆள் கட்டி, வீட்டில் கிடந்த பழைய காக்கிச் சட்டையைப் போட்டு, ஏரிக்கரையில் வைத்தார்கள். ராசு கொள்ளி வைத்தான். அப்புறம் முறைப்படி பிறந்த வீட்டுக் கோடி. செத்தவன் பெண்சாதிக்கு வெள்ளைச் சீலையை அண்ணன்தான் கொண்டுவந்து போட வேண்டும். கந்தன் கொண்டுவந்தான். அத்தாயி கையை உயர்த்தித் தடுக்கவுமில்லை, அழவுமில்லை. தாலியைக் கழற்றினார்கள். கோடிச் சீலை அவள் மேல் விழும்போது அண்ணனை நிமிர்ந்து ஒருதரம் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று கந்தன் யோசிக்கவே இல்லை. கொட்டுச் சத்தத்தில் மறந்துபோனான்.

மாசியில் மஞ்சள் வேகவைக்கிற வேலை. களத்தில் பெரிய கொப்பரையில் மஞ்சள் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவி ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்தது. முற்பகல் பதினொரு மணி இருக்கும். கிளறிக்கொண்டிருந்த குஞ்சம்மாள் என்கிற கூலிப்பெண் திடீரென்று வீலென்று கத்தித் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினாள். கந்தன் திரும்பினான்.

ஆவிக்கு அந்தப் பக்கம் குழந்தைவேல் நின்றார்.

காக்கிச் சட்டை, தோளில் ஒரு பை. முகம், கை, கண்ணின் வெள்ளை எல்லாமே மஞ்சள். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிக் கிடத்திய பிணம் எழுந்து வந்த மாதிரி. கந்தனின் கால் மண்ணில் ஊன்றிப்போயிற்று. ஓட வேண்டும் என்று புத்தி சொன்னது. கால் கேட்கவில்லை.

"என்ன மச்சான், பேயறஞ்சவனாட்டம் நிக்கற? கொப்பரை பொங்குது பாரு."

"மாப்ள... நீங்களா?"

"பின்ன ஆரு? மேலு மஞ்சளா இருக்கறதுக்குப் பயந்துட்டயா? காச்சலுக்குத் திங்கற மாத்தரை பண்ற வேலை. அங்க அத்தன பேரும் இப்படித்தான், வெள்ளைக்காரன்கூட."

கந்தன் கையை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டான். சூடாக இருந்தது. எலும்பு தட்டுப்பட்டது. அவன் விடாமல் அதையே பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்த ஏரோப்பிளேனு..."

குழந்தைவேல் விறகுக் குவியலின் மேல் உட்கார்ந்தார். "அதுல நானும் ஏறி உக்காந்திருந்தேன். ஆள் பாரம் எச்சா இருக்குது, ஒருத்தரை எறக்குங்கன்னான் ஓட்டறவன். தொரை சுத்திப் பாத்தாரு. எல்லாம் பெரிய பெரிய ஆபீசருங்க. அப்பறம் என்னப் பாத்தாரு. 'வேல், நீ எறங்கு'ன்னாரு. எறங்கிட்டேன்." குனிந்து ஒரு விறகைக் கொப்பரைக்கு அடியில் தள்ளினார். "மீன் புடிக்கற தூண்டிப் பொட்டி ஒண்ணு இருக்குது அவருக்கு. ஒரு ஆள் நீளம், ஒரு ஆள் பாரம். நாந்தான் காலையில ஏத்துனேன். அது உள்ளயே இருந்துச்சு மச்சான். அதை எறக்கலை."

இத்தனை வருசமாக அந்தத் துரையை வைது வைது பழகின கந்தனின் வாய், இன்றைக்கு வையவா கும்பிடவா என்று திகைத்து நின்றது.

"அதுக்கப்பறம் எனக்குக் காச்சல். ஆஸ்பத்திரியில போட்டாங்க. நீ ஆரு, எந்தப் பட்டாளம்னாங்க. என்னன்னு சொல்றது? பேச்சே வர்ல. தெளிஞ்சதும் ஒரு கடுதாசி போட்டேன். வந்துச்சா?"

"வர்லீங்க."

அந்தக் கடுதாசி அவர் வந்த நாலாம் நாள்தான் வந்தது.

"அத்தாயி எப்படி இருக்கறா? வா, ஊட்டுக்குப் போலாம்."

"மாப்ள, சித்த இருங்க." கந்தன், வேறு யாராவது வந்து சொல்லமாட்டார்களா என்று சுற்றிப் பார்த்தான். களத்தில் ஈ காக்கை இல்லை, எல்லோரும் ஓடிவிட்டார்கள். "உங்களுக்கு நாங்க காரியம் பண்ணிப்போட்டோமுங்க."

"என்ன காரியம்?"

"எழவுக் காரியம்."

குழந்தைவேலின் மஞ்சள் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. புரிய நேரம் பிடித்தது. "கோடி?"

"நாந்தான் போட்டேன்."

"எப்ப?"

"கார்த்திகை பத்தொம்பது."

அவர் விரலை மடக்கி எதையோ எண்ணினார். "அன்னைக்குத்தான் எனக்குக் காச்ச எறங்கிக் கஞ்சி குடிச்சேன்," என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கந்தன் பின்னால் நடந்தார்.

அத்தாயி கந்தன் வீட்டு வாசலில் சோளம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சீலை, வெறும் கழுத்து, வெறும் நெற்றி. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். குழந்தைவேல் அவளைப் பார்த்தார். அப்புறம் கந்தன் பக்கம் திரும்பி மெதுவாக, "இதாரு?" என்றார்.

கந்தன் செத்துப்போனான். அதற்குப் பிறகு அவன் எத்தனையோ வருசம் இருந்தான். ஆனால் அந்த ஒரு நிமிசத்தை எப்போது நினைத்தாலும் அவனுக்குக் குளிர் எடுத்துவிடும்.

அத்தாயி கையிலிருந்த சோளத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "நாஞ் சொன்னனில்லீங்கண்ணா," என்றாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து புருசன் முன்னால் வைத்தாள்.

மறுநாள் காலை மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊர்ப் பெரியதனக்காரர் நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செத்தவனைச் சுடறதுக்கு மொறை இருக்குது. சுட்டவன் திரும்பி வந்தா என்ன மொறைன்னு எங்கப்பனும் சொல்லலை, அவங்கப்பனும் சொல்லலை," என்றார். ஆளுக்கொன்று பேசினார்கள். கோடி விழுந்த பொம்பளையை மறுபடி தாலி கட்ட மணையில் உட்கார வைத்தால் ஊருக்கு ஆகாது என்றார்கள் சிலர். பக்கத்தில் நின்று தாலி முடிய எந்தச் சுமங்கலி வருவாள் என்றார்கள். கந்தன் ஒவ்வொருத்தர் காலிலும் விழாத குறை. "தப்பு என்னோடதுங்க. என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. அவளுக்கு அந்தத் தாலியத் திருப்பிக் குடுங்க." வாய்ச்சண்டை முற்றி, ஓய்ந்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். குழந்தைவேல் மொட்டையடித்து ஏரியில் முங்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு வைக்கிற மாதிரி மறுபடி பேர் வைக்க வேண்டும். அப்புறம் கொட்டு முழக்கு இல்லாமல் கோயிலுக்குள் தாலி கட்டிக்கொள்ளலாம்.

கந்தன் ஓடினான். மஞ்சள் கயிறும் குங்குமமும் பூவும் வாங்கிக்கொண்டு ஓட்டமாகத் திரும்பினான். தட்டில் வைத்துத் தங்கை முன்னால் நீட்டினான்.

அத்தாயி தட்டைப் பார்த்தாள். "எடுத்துட்டுப் போங்கண்ணா."

"என்ன கண்ணு சொல்ற?"

"வேண்டாங்கறன்." எழுந்து நின்று பெரியவர்களைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். "நீங்க அறுக்கோணும்னா அறுக்கறதுக்கும், கட்டோணும்னா கட்டறதுக்கும் எங் கழுத்தென்ன கட்டுத்தறியாங்க? சாகலைன்னு சொன்னேன். ஆரு கேட்டீங்க?"

"அத்தாயி, ஊரு எறங்கி வந்திருக்குது," என்றார் நாச்சிமுத்து.

"வந்தது வந்தபடியே போகட்டுமுங்க. தாலி இருந்த வரைக்கும் இருவது வருசம் எங்கூட்டுல ஆம்பளை இல்ல. தாலி போன பொறவு வந்து நிக்கறாரு. எனக்கு இது போதுமுங்க."

எல்லோரும் குழந்தைவேலைப் பார்த்தார்கள். புருசன்காரன் அதட்டுவான் என்று பார்த்தார்கள். அவர் விறைப்பாக நின்றார். பெரிய அதிகாரிகள் முன்னால் நின்று நின்று பழகின விறைப்பு.

"அவ சொன்னாச் செரீங்க," என்றார்.

அன்றைக்கு மொட்டையும் இல்லை, முழுக்கும் இல்லை. இரண்டு பேரும் பூட்டிக் கிடந்த தங்கள் வீட்டுக்கு நடந்து போனார்கள். அவர் முன்னால், அவள் வெள்ளைச் சீலையோடு பின்னால். தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. கந்தன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் வாசலிலேயே நின்றான்.

அதற்கப்புறம் அந்த ஊர் கண்ட அதிசயத்துக்கு அளவில்லை. வெள்ளைச் சீலைக்காரி வீட்டு வாசலில் ஆம்பளைச் செருப்பு கிடக்கிறதே என்று வழிப்போக்கர்கள் கேட்பார்கள். கல்யாணத்துக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. அவளும் போகவில்லை. ராசு மட்டும் வந்து பத்திரிகை படித்துக் காட்டிவிட்டுப் போவான். குழந்தைவேலுக்குத் தோட்ட வேலை தெரியாது. ஏர் பிடிக்க மறந்துபோயிருந்தது. தெரிந்த வேலையைச் செய்தார். விடிவதற்கு முன்னால் எழுந்து பெண்சாதி குளிக்க வெந்நீர் வைத்தார். அவள் சீலையைத் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி வைத்து, சேலத்திலிருந்து வாங்கிவந்த கரிப்பெட்டியால் தேய்த்தார். மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு வெள்ளையாக ஒரு சீலையை யாரும் பார்த்ததில்லை. முதல்தரம் அதைப் பார்த்துவிட்டு வந்த செல்லியம்மாள், அடுப்பங்கரையில் உட்கார்ந்து காரணமில்லாமல் அழுதாள்.

"ஏனுங்க மாப்ள, இந்த வெள்ளையத்தான் இப்படித் தேய்க்கோணுமா?" என்று கந்தன் ஒருநாள் கேட்டேவிட்டான். "ஒரு கலர்ச்சீலை எடுத்துக் குடுத்தாலென்ன?"

"எடுத்துக் குடுத்தேன். தொடலை. நா வந்த பொறவு அவ வாய் தொறந்து என்னை ஒண்ணும் கேட்டதில்ல மச்சான். குடுக்கறதையும் வாங்கறதில்ல. இது ஒண்ணுக்குத்தான் வேண்டாங்கறதில்ல." பெட்டியில் கரித்துண்டைப் போட்டு ஊதினார். "பத்து மாசத்துப் பையன் செத்தன்னைக்கு நா எங்க இருந்தேன் தெரியுமா? தொரையோட தூண்டியத் தூக்கிட்டு ஆத்தோரத்துல நின்னேன். பயிற்சின்னு எழுதுனேன். பயிற்சியெல்லாம் அதுக்கு முன்னமே முடிஞ்சு போச்சு."

கந்தன் எழுந்து வந்துவிட்டான். பொய் என்று தெரியாத காலத்திலேயே அந்தக் கடுதாசியைத் தங்கைக்குப் படித்துக் காட்டவில்லையே என்பது ஒன்றுதான் ஆறுதல். பிறகு யோசித்துப் பார்த்தான். அத்தாயி ராசுவிடம் கொடுத்து அதைப் படிக்கச் சொல்லியிருக்கமாட்டாள் என்று என்ன நிச்சயம்? அந்த ஆறுதலும் போயிற்று.

இரண்டரை வருசம் அப்படி ஓடியது. பர்மாக் காய்ச்சல் உடம்பை விட்டுப் போகவே இல்லை. வயிற்றில் கட்டி பெருத்து, கைகால் சூம்பிப்போயிற்று. நாற்பத்தாறு ஆவணியில் ஒருநாள் வெயில் ஏறும் நேரம், அத்தாயி தோட்டத்துக்குப் போயிருந்தபோது, ராசுவை விட்டுக் கந்தனைக் கூப்பிட்டு அனுப்பினார். கந்தன் போனபோது கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். தலைமாட்டில் தேய்த்து மடித்த வெள்ளைச் சீலை ஒன்று இருந்தது. அதைத் தேய்க்க எப்படி எழுந்தார் என்று கந்தனுக்கு விளங்கவில்லை.

"மச்சான், ஒரு வேலை சொல்றன். செய்யோணும்."

"சொல்லுங்க மாப்ள."

"நாளைக்கோ நாளானைக்கோ நா போயிருவேன். பொறந்த ஊட்டுக் கோடி நீ கொண்டாரோணும்."

கந்தன் கையை உதறினான். "ஒருக்காப் போட்டு நா பட்டது போதும் மாப்ள. இந்தக் கையால இனி ஒரு கோடி போட மாட்டேன். ஊரே வந்து கேட்டாலும் மாட்டேன்."

"போடோணும். மொறைக்கு நீதான் போடோணும்." மூச்சு வாங்கினார். கந்தன் முதுகைத் தாங்கி நிமிர்த்தினான். "வெள்ளை இல்ல. நா உசுரோட இருக்கறப்பவே அவ அதைக் கட்டித் தீத்துப்போட்டா. பள்ளிபாளையத்துல தறிக்காரங்க அரக்குச் செவப்புல அகலக் கரை போட்டு நெய்யறாங்க. அது ஒண்ணு எடுத்துட்டு வா. என்னை எடுக்கறதுக்கு முன்ன, நடு வாசல்ல, ஊரு பாக்க, உங் கையால அவ மேல போட்டு உடு. அவகிட்டக் கேக்காத. கேட்டா வேண்டாம்பா."

"ஊரு ஒத்துக்குமா மாப்ள?"

"ஊரு எப்ப எதைக் கேட்டு ஒத்துக்கிச்சு? நீ போட்டுடு. இப்பவே கெளம்பு மச்சான். மத்தியான பஸ்ஸைப் புடிச்சாத்தான் பொழுதுக்குள்ள போய்ச் சேரலாம்."